இன்ஜினில் பெயர் எழுத இடமில்லை

2024 ஜூலை 8, திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு, மதுரை–அருப்புக்கோட்டை சாலையில் பெருங்குடி விலக்குக்குச் சற்று முன்னால், வில்லாபுரம் நல்நிழல் பகல் நேர மையத்தின் வேன் நின்றது. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள்.

ஓட்டுநர் கருப்பு இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார், பிறகு மூடினார். செயலாளருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் செயலாளருக்குச் சொன்னால் 'பார்க்கலாம்' என்பார். பாண்டியம்மாளுக்குச் சொன்னால் ஆட்டோ வரும். அதனால் பாண்டியம்மாளுக்குப் போன் போட்டார். அவள் அப்போது மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் மல்லிகையை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வண்டி படுத்துருச்சு. அண்ணே நல்லாத்தேன் இருக்காரு. இறங்க மாட்டேங்குறாரு, அம்புட்டுதேன்."

அவள் தராசைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, தெரிந்த இரண்டு ஆட்டோக்காரர்களைக் கிளப்பிக்கொண்டு போனாள். பத்துப் பேர் ஆட்டோவில் ஏறினார்கள். பதினோராவது ஆள் அவளுடைய அண்ணன் ஆண்டிச்சாமி. வயது நாற்பத்தேழு. வண்டி மையத்து வாசலில் நின்றால்தான் இறங்குவது அவர் வழக்கம். வேறு இடத்தில் இறங்கி அவருக்குப் பழக்கமில்லை, பழகவும் விருப்பமில்லை. கடைசியில் கருப்பு ஒரு டிராக்டரைப் பிடித்து, கயிறு கட்டி, வேனையே இழுத்து வந்தார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மையத்து வாசலில் வண்டி நின்றதும், மாப்பிள்ளை ஊர்வலம் முடிந்தவர் போல ஆண்டிச்சாமி நிதானமாக இறங்கி உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

நல்நிழல் மையம் பதினெட்டு வயதைத் தாண்டிய அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கானது. பள்ளி வயது முடிந்ததும் இவர்களுக்குப் போக இடம் கிடையாது என்பதால் தொடங்கப்பட்டது. முப்பத்து நான்கு பேர் வருகிறார்கள். காலையில் காகிதக் கவர் ஒட்டுவார்கள், பாசி கோப்பார்கள். மதியம் படம் வரைவார்கள். இருபத்து மூன்று பேர் சுற்றுவட்டாரத்துக்காரர்கள், நடந்தே வந்துவிடுவார்கள். வேனில் வருகிறவர்கள் அவனியாபுரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். அதில் கடைசி ஊர் வலையங்குளம், பாண்டியம்மாளின் ஊர்.

பாண்டியம்மாளுக்குப் புருஷன் இல்லை. மகளை விருதுநகரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. காலை ஐந்து மணி பஸ்ஸில் சந்தைக்குப் போனால் மதியம் இரண்டுக்குத் திரும்புவாள். அண்ணனை எட்டரைக்கு வேனில் ஏற்றிவிடுவது பக்கத்து வீட்டு முத்துத்தாய். போன வருஷம் டயர் வாங்கப் பணமில்லை என்று ஒரு வாரம் வேன் வரவில்லை. முத்துத்தாய்க்கும் காட்டு வேலை. வேறு வழியில்லாமல் அண்ணனை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிக்கொண்டு போனாள் பாண்டியம்மாள். எட்டரைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவள் திரும்பி வரும்போதும் அப்படியே நின்றார். சோறு தொடாமல் கிடந்தது. இப்படி ஐந்து நாள். ஐந்தாம் நாள் பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. வேன் நின்றுவிட்டது என்று கருப்பு சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது அந்தப் பாதங்கள்தான்.

நிர்வாகக் குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். பயனாளிகளின் குடும்பத்தார் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்று அரசாங்கப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப தூரத்தில் இருப்பவரைப் போட்டால் அடிக்கடி வர மாட்டார் என்று கணக்குப் போட்டு அவளைப் போட்டார்கள். அவள் மூன்று வருஷமாக ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. ஆனால் பேசியதும் இல்லை. தீர்மானத்தை வழிமொழிய ஆள் வேண்டும் என்று செயலாளர் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் "ஆமா சார்" என்பாள்.

செயலாளர் கைலாசநாதன் இன்சூரன்ஸ் கம்பெனியில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தீர்மானங்களை அழகான தமிழில் எழுதுவார். தலைவர் ஸ்டீபன், மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். எந்தக் கூட்டத்தையும் பிரேயர் அசெம்பிளி மாதிரி நடத்துவார். இரண்டு பேரும் சம்பளம் வாங்குவதில்லை. பெட்ரோல் காசுகூட வாங்குவதில்லை. நல்லவர்கள்தான் என்பதில் பாண்டியம்மாளுக்குச் சந்தேகமில்லை. நல்லவர்களிடம் காரியம் ஆக எம்புட்டு நாள் ஆகும் என்பதுதான் அவள் கவலை.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்று சொல்லி, தொண்ணூறாயிரம் கேட்டிருந்தார். குழு கூடியது. நன்கொடையாளர்களைக் கேட்பது என்று முடிவானது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மையத்துக்குக் கொடுத்தவர்கள் யாரும் சும்மா கொடுத்ததில்லை, உபயம் எழுதித்தான் கொடுத்தார்கள். கோயிலில் டியூப்லைட் வாங்கிக் கொடுக்கிறவர் அதன்மேல் குடும்பத்தார் பெயரெல்லாம் எழுதி வெளிச்சத்தில் பாதியைத் தானே எடுத்துக்கொள்வது போலத்தான் இங்கேயும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஒரு பல் டாக்டரின் பெயர் இருந்தது. விசிறி நின்றால்தான் அவர் யாரென்று தெரியும். சாப்பாட்டுத் தட்டின் நடுவில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் தகப்பனார் பெயர். சோற்றை வழித்துச் சாப்பிடச் சாப்பிட அவர் மெல்ல வெளியே வருவார். மேஜை, அலமாரி, குப்பைத்தொட்டி, கழிப்பறைக் கதவு என்று எழுத்து இல்லாத பரப்பு எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அவனியாபுரம் ஆல்பின் ஃபர்னிச்சர் முதலாளி ஆல்பின் கொடுத்த நாற்பது நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'உபயம்: ஆல்பின் ஃபர்னிச்சர், அவனியாபுரம்' என்று சிவப்பு எழுத்து. முதல் வரிசை தவிர எங்கே உட்கார்ந்தாலும் கண்ணுக்கு நேரே ஆல்பின்தான்.

ஸ்டீபன் கூட்டத்திலிருந்தே ஆல்பினுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேஜையில் வைத்தார். ஆல்பின் பொறுமையாகக் கேட்டார்.

"செய்யலாம் சார், நம்ம மையம். ஆனா இன்ஜின்னு சொல்றீங்களே, அதுல பேர் எங்க வரும்?"

உள்ளே எங்காவது வரும் என்று ஸ்டீபன் இழுத்தார்.

"உள்ள யாரு சார் பார்க்கப் போறா? மெக்கானிக் ஒருத்தன் பார்ப்பான். அவன் எங்கிட்ட கட்டில் பீரோ வாங்கப் போறானா?"

அவர் தட்டிக் கழிக்கவில்லை. அடுத்த வாரமே இரண்டு இரும்பு பீரோ அனுப்பினார். மற்றவர்களும் கைவிடவில்லை. பத்து நாளில் ஒரு சுவர்க் கடிகாரம், மூன்று கை கழுவும் தொட்டிகள், நின்று பேசும் மேஜை ஒன்று, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் எல்லாம் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. மையத்தில் நடக்க இடமில்லாமல் போனது. வேன் மட்டும் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

ஜூலை கடைசிக் கூட்டத்தில் கைலாசநாதன் ஒரு தீர்மானம் வாசித்தார். ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை வெளியூர்ப் பயனாளிகளுக்கு ஆட்டோ ஏற்பாடு தொடரும். அதன்பின் அவர்கள் வருகை குறித்து அவரவர் குடும்பத்தினரே தக்க முடிவெடுக்கும் சுதந்திரம் வழங்கப்படுகிறது. பாண்டியம்மாள் பக்கத்திலிருந்த ஓவிய ஆசிரியை ஆன்சியிடம் குனிந்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். "செப்டம்பர்ல இருந்து வண்டி இல்லக்கா" என்றாள் ஆன்சி. கைலாசநாதன் வழிமொழிய ஆள் தேடி இவள் பக்கம் திரும்பினார். பாண்டியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே ஸ்டீபனைக் கேட்டு முடித்துக்கொண்டார்.

ஓவியக் கண்காட்சி யோசனை ஆன்சியுடையது. பெயர் எழுத இடமில்லாத செலவுக்கு யாரும் தர மாட்டார்கள், ஆனால் படம் என்றால் வாங்கி வீட்டில் மாட்டுவார்கள், அந்தப் பணத்தில் இன்ஜின் வேலையை முடித்துவிடலாம் என்று அவள் சொன்னாள். படங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் முக்கால்வாசி ஆண்டிச்சாமி வரைந்தவை.

ஆண்டிச்சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சும் குறைவு. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி வரைவார். அழகர்கோவிலுக்குச் சுற்றுலா போய் வந்தால் மலை, மதில், குரங்கு எல்லாம் தாளில் வந்துவிடும். வேன் ஜன்னல் வழியே தெரியும் சோளக்காடு, விமான நிலையத்துச் சுற்றுச்சுவர், மழை மேகம், ரோட்டோரம் நிற்கும் எருமை எல்லாம் வரும். மேகம் நிஜமாகவே கனத்துத் தொங்கும். எருமை மூச்சு விடுவது போலிருக்கும். ஆன்சி சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். தனக்கு அந்த எருமை வராது என்று அவளே சொல்வாள்.

கண்காட்சிக்கு அவருடைய படங்கள் நாற்பத்திரண்டு தேர்வாயின. சட்டம் போட்டார்கள். ஆன்சிக்கு அந்த வாரம் பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பணி வந்துவிட்டதால், கைலாசநாதனும் ஸ்டீபனுமே ஒவ்வொரு படமாகப் பார்த்து, தலைப்பு வைத்து, நேராக மாட்டினார்கள். 'இயற்கையின் மடியில்', 'மேகத்தின் தூது' என்று தலைப்புகள். சட்டம் கொடுத்தவரின் பெயர் ஒவ்வொரு அட்டையிலும் இருந்தது. வரைந்தவரின் பெயரைப் போட வேண்டும் என்று ஆன்சி எழுதிக் கொடுத்திருந்தாள். அட்டையில் இடம் போதவில்லை.

சிறப்பு விருந்தினர் விஸ்வநாத். அழகர்கோவில் சாலையில் 'மலையடி நகர்' என்று மனை போட்டு விற்பவர். 'வேன்தானே, பார்த்துக்கலாம்' என்று போனில் சொல்லியிருந்தார். அவர் சொன்ன இந்த இரண்டு வார்த்தையைக் குழுவில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 18 ஞாயிற்றுக்கிழமை விழா. பாண்டியம்மாள் சந்தையில் சொல்லி நாலு கிலோ சம்பங்கி மாலை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மேடையில் பதினாறு பேர். பதினாறு பேருக்கும் பொன்னாடை. ஒருவர் மற்றவருக்குப் போர்த்த, அவர் இவருக்குப் போர்த்த, முடிய முக்கால் மணி நேரம். ஆல்பின் முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மையத்துக்காரர்கள் கடைசி வரிசை. ஆண்டிச்சாமிக்குப் புதுச் சட்டை. முன் நாற்காலியின் முதுகை அவர் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுகள் முடிந்ததும் விஸ்வநாத் படங்களைப் பார்க்க நடந்தார். பக்கத்தில் கைலாசநாதன், பின்னால் ஸ்டீபன், அதற்குப் பின்னால் பாண்டியம்மாள். அழகர்கோவில் மலைப் படத்தின் முன் விஸ்வநாத் நின்றார். பெரிய படம். காலை வெயிலில் மலை எப்படிப் பச்சையும் நீலமுமாக நிற்குமோ அப்படி நின்றது. விஸ்வநாத்தின் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

மலையின் குறுக்கே, சரிவுக்கு ஏற்றபடி வளைந்து, சிவப்பு எழுத்தில் இருந்தது: உபயம்: ஆல்பின் ஃபர்னிச்சர், அவனியாபுரம்.

அடுத்த படத்துக்குப் போனார். மேகத்தில் ஆல்பின். அதற்கடுத்து எருமை, வயிற்றில் ஆல்பின். சோளக்காட்டில், சுவரில், குரங்கின் முதுகில், தெப்பக்குளத்துத் தண்ணீரில், நாற்பத்திரண்டிலும் ஆல்பின்.

கைலாசநாதன் அப்போதுதான் பார்த்தார். ஸ்டீபனும் அப்போதுதான் பார்த்தார். ஒரு வாரமாக அந்தப் படங்களைக் கையில் எடுத்து, துடைத்து, தலைப்பு யோசித்து மாட்டியவர்கள் அவர்கள். மையம் தொடங்கிய நாள் முதல் பதிமூன்று வருஷமாக எதைத் தொட்டாலும் பெயரோடு தொட்டுப் பழகிய கண்கள். எழுத்தைத் தாண்டித்தான் அவை எதையும் பார்க்கும்.

விஸ்வநாத் குரலை உயர்த்தவில்லை. "ஆல்பின் சார் ஃபங்ஷன்னு முன்னாடியே சொல்லிருக்கலாம். நான் ஒரு பார்வையாளரா வந்திருப்பேன்" என்றார். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனார்.

ஆல்பின் அங்கேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. இப்படியொரு மரியாதையைத் தான் எதிர்பார்க்கவில்லை என்று கைலாசநாதன் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டீபனுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. இவரே எல்லாப் படத்தையும் வாங்கிக்கொண்டால் இன்ஜின் வேலை முடிந்துவிடுமே? மெதுவாகக் கேட்டார்.

ஆல்பின் சிரித்தார். "என் பேரு போட்டிருக்கு. ஏற்கெனவே நம்மளுதுதானே சார்? இங்கயே இருக்கட்டும். நாலு பேரு பார்க்கட்டும்."

மற்றவர்களும் வாங்கவில்லை. விசிறி கொடுத்த பல் டாக்டர் தன் கிளினிக்கில் ஆல்பின் பெயரை மாட்ட என்ன காரணம் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் வெஜிடபிள் பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தார்கள். ஒரு படமும் விற்கவில்லை.

மறுநாள் அவசரக் கூட்டம். ஆன்சி தேர்வுப் பணியிலிருந்து ஓடி வந்திருந்தாள். அந்த எழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான் என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது விளக்கிச் சொன்னாள். ஆண்டிச்சாமிக்கு எழுத்து என்பது எழுத்தல்ல. மாட்டுக்குக் கொம்பு இருப்பது போல ஒவ்வொரு பொருளுக்கும் அது ஓர் உறுப்பு. அவர் இங்கே பார்த்த எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அது இல்லாமல் ஒரு மலையை விட்டால் அவருக்கு மலை முடியவில்லை. வரைபவர் தனக்குத் தெரிந்த உலகத்தைத்தான் வரைந்திருக்கிறார் என்றாள். குற்றம் சொல்லும் தொனி லேசாக வந்துவிட்டது. ஸ்டீபன் கண்ணாடியைத் துடைத்தார்.

சிவப்பு எழுத்தின்மேல் பெயின்ட் அடிக்கலாமா என்று பேசினார்கள். எருமையின் வயிறு கெட்டுவிடும் என்று ஆன்சி மறுத்தாள். ஆல்பின் வேறு கோபித்துக்கொள்வார். பிறகு கைலாசநாதன் ஒரு யோசனை சொன்னார். விஸ்வநாத் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஆண்டிச்சாமியைப் புதிதாக நாலு படம் வரையச் சொல்லலாம். எழுதியும் கொடுத்தார்கள். ஆண்டிச்சாமி அந்தத் தாளை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, இந்தமுறை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வேப்பமரத்தை வரைந்தார். மரத்தில் ஆல்பின் பெயரே வந்தது. கைலாசநாதன் மூன்று தடவை பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான்காவது தடவை தன்னுடைய பழைய கிளார்க்கிடம் பேசுவது போலப் பேசினார். ஆண்டிச்சாமி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, மரத்தடி வேனுக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கி உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னல் வழியே அதைப் பார்த்த பாண்டியம்மாள் முதல்முறையாகக் கூட்டத்தில் எழுந்தாள்.

"சார், எங்கண்ணே சொன்னதக் கேட்டு எழுதாது. பார்த்ததத்தேன் எழுதும். பேர மாத்தணும்னா அது முன்னால நிக்கிறத மாத்தணும். வையாதீக."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இவளுக்குக் குரல் உண்டு என்பதே ஸ்டீபனுக்கு ஒரு செய்தி. இதை அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம் என்றார் கைலாசநாதன். அடுத்த கூட்டம் செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை. பாண்டியம்மாள் விரல் விட்டு எண்ணவில்லை, எண்ணத் தேவையில்லை. அதற்கு முன்னாலேயே ஆட்டோ நின்றுவிடும்.

இரண்டு நாள் கழித்து, வேலையை முடித்துக்கொண்டு, அண்ணனை வழக்கமான ஆட்டோவில் ஏற்றி, ஆன்சியையும் கூப்பிட்டுக்கொண்டு மலையடி நகருக்குப் போனாள். செயலாளரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடிதம் எழுதி முன் அனுமதி வாங்க வேண்டும் என்றிருப்பார். மலையடி நகரில் நகரம் எதுவும் இல்லை. கருவேலங்காட்டைச் சுத்தம் பண்ணிய செம்மண், வரிசையாக வெள்ளைக் கற்கள், ஒரு தகரக் கொட்டகை ஆபீஸ். அதற்கு முன்னால் இரண்டு மாடி உயரத்துக்கு 'விஸ்வநாத் மனைகள்' என்று நீலத்தில் ஒரு போர்டு. போர்டுக்குப் பின்னால் தூரத்தில் மலை.

ஆண்டிச்சாமி இறங்கவில்லை. இது மையத்து வாசல் இல்லையே. பாண்டியம்மாள் கெஞ்சவும் இல்லை. ஆட்டோவைப் போர்டுக்கு நேரே நிறுத்தச் சொல்லி, அட்டையும் தாளும் வண்ணமும் மடியில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று விசிறினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மனை பார்க்க வந்த ஒரு குடும்பம் அங்கே கூடியது. கூட்டம் எதற்கு என்று பார்க்க விஸ்வநாத்தே வெளியே வந்தார். ஆட்டோவுக்குள் குனிந்து எட்டிப் பார்த்தார்.

தாளில் செம்மண்ணும் கற்களும் இருந்தன. கற்கள் சமாதிக் கற்கள் போலத்தான் இருந்தன. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் மலை. மலையில், சரிவுக்கு வளைந்து, நீல எழுத்தில்: விஸ்வநாத் மனைகள்.

அவர் நிமிர வெகுநேரமானது. "மலையில எழுதச் சொன்னது யாரு?"

"யாருஞ் சொல்லல சார்," என்றாள் பாண்டியம்மாள். "எங்கண்ணே கண்ணு முன்னால எந்தப் பேரு நிக்குதோ அதுதேன் அதுக்கு உலகம். அங்க அந்த நாற்காலி நின்னுச்சு, அவுக பேரு வந்துச்சு. உங்கள மதிக்காமயெல்லாம் யாரும் செய்யல. தினம் ஒரு மணி நேரம் வேன்ல வரும் போகும். அந்த வேன்ல எந்தப் பேரு இருக்கோ, நாளைக்கு மலையில அந்தப் பேருதேன்."

விஸ்வநாத் ஆபீஸுக்குள் வரச் சொன்னார். மோர் வந்தது. இன்ஜின் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேன் மொத்தமும் தன் நிறம், தன் பெயர், உள்ளேயும் வெளியேயும். அதோடு, வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நான்கு நாளும் மாட்டுத்தாவணியிலிருந்து மனை பார்க்க வருகிறவர்களை அந்த வேன்தான் கூட்டிவர வேண்டும். ஆன்சி வாயைத் திறந்தாள். பாண்டியம்மாள் அவள் தொடையில் கையை வைத்தாள்.

பூச்சந்தையில் இருபது வருஷமாக நிற்கிறவள் அவள். விலை சொன்னவன் முகத்தைப் பார்க்காமல் பூவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். அவள் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனியும் ஞாயிறும் மையம் லீவு, எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். திங்களும் வெள்ளியும் ஆகாது.

"ரெண்டு நாள் இல்லேன்னா எனக்கு என்ன லாபம்?"

"எங்களுக்கு மட்டும் என்ன சார் லாபம்? வாரேன்." டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வாசல்வரை போனாள். பாண்டியம்மாள் செருப்பை மாட்டுவதற்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"திங்கள விட்டுத் தாரேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெள்ளிய விட முடியாது. வெள்ளிக்கிழமைதான் ஆளு அட்வான்ஸ் போடும்."

வெள்ளிக்கிழமை பூச்சந்தைக்கும் பெரிய நாள். அன்று ஒரு நாள் கூலி மற்ற நாளில் ஒன்றரை நாளுக்குச் சமம். பாண்டியம்மாள் செருப்போடு நின்று கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

செப்டம்பர் கூட்டத்தில் கைலாசநாதன் ஒரு தீர்மானம் வாசித்தார். செயலாளர், தலைவர் ஆகியோரின் இடையறாத முயற்சியாலும், கலையின்பால் ஈடுபாடு கொண்ட கொடையாளர் விஸ்வநாத் அவர்களின் பரந்த உள்ளத்தாலும் வேன் மீட்கப்பட்டதற்கு இக்குழு நன்றி தெரிவிக்கிறது. வழிமொழிய ஆள் வேண்டியிருந்தது. "ஆமா சார்" என்றாள் பாண்டியம்மாள். ஆன்சி குனிந்து பேனாவைத் தேடினாள். நாற்பத்திரண்டு படங்களும் ஆல்பின் கொடுத்த பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டன. ஆல்பின் சாவியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அது குறித்து ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

செப்டம்பர் 23, திங்கட்கிழமை காலை எட்டு முப்பத்தைந்துக்கு வேன் வலையங்குளம் வந்தது. மூன்று வாரமாகத் தங்கையின் காவலில் வீட்டில் இருந்த ஆண்டிச்சாமியை முத்துத்தாய் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். வண்டி நீல நிறத்தில் இருந்தது. பக்கக் கண்ணாடிகள் முழுக்க மலையடி நகரின் மனை வரைபடம் ஒட்டப்பட்டிருந்ததால் உள்ளிருந்து வெளியே எதுவும் தெரியவில்லை. ஆண்டிச்சாமி ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தார். ஒன்பதே காலுக்கு மையத்து வாசலில் இறங்கினார். வேன் இப்போது திங்கள் முதல் வியாழன்வரை வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் பாண்டியம்மாள் வேலைக்குப் போவதில்லை.